மூன்றாம் வாசலுக்கு மேலே

ரித்தெர்
செப்டம்பர் 8

அக்போத்தாவின் அப்பாவுக்கு ராய்குல் எழுதுவது.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மழைக்கு முதல் நாள் முழங்கால் வலிக்கிறது, அவ்வளவுதான். அக்போத்தா ஓஸ்கெமெனில் மருத்துவமனை வேலையும் விடுதியுமாக இருக்கிறாள். மாதம் ஒரு முறை வந்து, நான் எதையும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அலமாரியைத் திறந்து பார்த்துச் சண்டை போட்டுவிட்டுப் போகிறாள்.

உங்கள் எண்ணை அழைத்தால் ஒரு பெண் வந்து, நீங்கள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொல்கிறாள். ஏப்ரலிலிருந்து அவள் குரலைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குள் உறவே வந்துவிட்டது. அதனால்தான் காகிதம் எடுத்தேன். முகவரி அக்போத்தா கொடுத்தது. வெள்ளிக்கிழமைகளில் அவளோடு இரண்டு நிமிடம் பேசுகிறீர்கள் என்று தெரியும். "அப்பா நல்லா இருக்காரும்மா. சாப்பாடு பரவாயில்லையாம். காத்துதான் ஓயவே மாட்டேங்குதாம்" என்பாள். என்னைப் பற்றிக் கேட்டாரா என்று நான் கேட்பதில்லை. அவளும் அதற்குள் வேறு பேச்சு எடுத்துவிடுகிறாள்.

உருளைக்கிழங்கு தோண்டியாகிவிட்டது. நீங்கள் இருந்தால் இரண்டு நாள் வேலை, எனக்கு ஆறு நாள் ஆயிற்று. மலை உச்சியில் போன வாரமே வெள்ளை தெரிந்தது. இந்த வருடம் பனி சீக்கிரம் வரும் என்கிறார்கள். மங்கிஸ்தாவில், நாட்டின் மறுகோடியில், நீங்கள் வேலை பார்க்கும் பாலைவனத்தில் கூரைமேல் பனி நிற்காது என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போனீர்களோ என்றும் நினைக்கிறேன்.

எழுத வந்த சங்கதி இதுதான். நம் கட்டடத்தின் நான்கு வாசலுக்கும் மேலே, கூரையில், சூடாகும் கேபிள் போடப் போகிறோம். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக மூன்று வருடம் நீங்கள் கேட்டு, மூன்று வருடமும் கூட்டத்தில் பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்ட அதே கேபிள். கூரை விளிம்பு நெடுக, தண்ணீர் ஓடும் தூம்புக்குள், இறங்கு குழாய்களுக்குள், எல்லாவற்றிலும்.

முற்றத்தில் கூட்டம் போட்டோம். கென்னாதி வழக்கம் போலக் கட்டடத் தலைவர் என்று ஒரு நாற்காலியை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான்தான் எழுந்து பேசினேன். பரணில் போகும் வெந்நீர்க் குழாய்கள் கூரைத் தகரத்தை அடியிலிருந்து சூடாக்குகின்றன, பனி உருகுகிறது, அந்தத் தண்ணீர் கீழே வழிந்து வெறும் விளிம்புக்கு வந்ததும் உறைகிறது, அதன்மேல் அடுத்த தண்ணீர், அதன்மேல் இன்னொன்று என்று, நீங்கள் எனக்குச் சாப்பாட்டு மேசையில் அப்பத்தை வளைத்து வைத்துக் காட்டியதையெல்லாம் சொன்னேன். குழாய்களைக் கம்பளி போல மூடிக் கட்டுவதும் கேபிளும் சேர்ந்தால்தான் பயன் என்றேன். இருபத்தாறு வருடம் சுரங்கத்து மின்நிலையத்தில் வேலை பார்த்தவள், நானே முன்னால் நின்று போடுகிறேன் என்றேன்.

நான்காம் வாசல்காரர் ஒருவர், பெயர் வேண்டாம், எழுந்தார். "உங்க வீட்டுக்காரர் மம்முட்டியோட ஒழுங்கா மேல ஏறியிருந்தா கூரைக்குக் கரண்டு எதுக்கும்மா?" என்றார்.

ஸினாயிதா ஓரமாக பெஞ்சில் இருந்தாள். மார்ச்சில் மூன்றாம் வாசலில் கூரைப் பனிக்கட்டி அவள் தோளில் விழுந்த நாளிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை இல்லை. படிக்கட்டில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குவாள். வலது கை மார்பு உயரத்துக்கு மேல் எழும்பாது. மாவு பிசைய முடியாததால் ரொட்டிக்கடையில் அவளைக் கல்லாவில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

கடைசியில் கென்னாதி, சரி என்பவர்கள் வலது கையைத் தூக்குங்கள் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் உறைத்தது போலும், முகம் செத்துவிட்டது. முதல் கை ஸினாயிதாவுடையது. இடது கை.

"இதுவும் கைதான். எழுதிக்கோ" என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாக் கைகளும் எழுந்தன. நான்காம் வாசல்காரருடையதும்.

கேபிள் ஓஸ்கெமெனிலிருந்து வருகிறது. அதோடு கயிறு கட்டி ஏறும் ஆள் ஒருவரும். மழை தொடங்கும் முன் முடிக்க வேண்டும். காற்றில் நிற்கும்போது காதை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் சாம்பல் நிறத் தொப்பி இங்கேயே ஆணியில் தொங்குகிறது, எதைப் போட்டுக்கொள்கிறீர்களோ.

ராய்குல்


ரித்தெர்
செப்டம்பர் 24

அக்போத்தாவின் அப்பாவுக்கு,

போன கடிதம் கிடைத்ததா தெரியவில்லை. கிடைத்தது என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஆறு நாளாகக் கூரைமேல் இருக்கிறேன். சிரிக்காதீர்கள். கயிறு ஏறும் ஆளின் பெயர் தெமிர்கான், நாற்பது வயது, வாய் ஓயாத மனிதர். முதல் நாள் என் இடுப்பில் வாரைக் கட்டிவிட்டு, "அக்கா, உங்க வயசுல எங்கம்மா நாற்காலி மேல ஏறவே பயப்படுவாங்க" என்றார். உங்கம்மாவுக்கு நாற்காலியில் வேலை இருந்திருக்காது, எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்றேன். அன்றிலிருந்து மரியாதை கூடிவிட்டது. தேநீரில் எனக்குத்தான் முதல் கோப்பை, பாலாடையும் எனக்கே.

கேபிளை விளிம்பில் மேலும் கீழுமாக வளைத்து வளைத்துப் போகிறோம், பெண்கள் கம்பளத்தில் ஓரம் தைப்பது போல. ஒவ்வொரு வளைவுக்கும் கிளிப். தூம்புக்குள் போக ஒன்று, வர ஒன்று. இறங்கு குழாயில் சங்கிலியைத் தொங்கவிட்டு அதில் கேபிளைக் கட்டினோம். இல்லாவிட்டால் ஐந்து மாடி உயரத்துக்கு அது தன் பாரத்தாலேயே இழுபட்டுப் போகும். பரணில் குழாய்களுக்கெல்லாம் சட்டை போட்டாகிவிட்டது. தெமிர்கான் விளிம்பைப் பார்த்துக்கொண்டார். மூன்றாம் வாசல் பக்கத்தை மட்டும் நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் என்று அவர் கேட்டார். சும்மா என்றேன்.

உங்களிடம் சும்மா என்று சொல்ல மாட்டேன்.

மேலே தகரத்தில் உங்கள் மண்வெட்டிக் கீறல்கள் இருக்கின்றன. தெருப் பக்கம் முழுக்க, முற்றத்துப் பக்கமும் ஏறக்குறைய முழுக்க, வரிசை வரிசையாக. மூன்றாம் வாசலுக்கு மேலே வந்ததும் கீறல் நின்றுவிடுகிறது. அங்கிருந்து ஐந்து அடிக்குத் தகரம் வழவழவென்று இருக்கிறது. மற்ற வருடத்துப் பழைய கோடுகள் மங்கித் தெரிகின்றன, புதியது இல்லை. நான் அங்கே உட்கார்ந்துவிட்டேன். தெமிர்கான் தலை சுற்றுகிறது என்று நினைத்துக் கயிற்றை இறுக்கிப் பிடித்தார்.

மார்ச்சில் அன்று அக்போத்தாவின் மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். முதல் முறையாக நம் வீட்டுக்கு. மேசையில் இறைச்சி ஆவி பறந்துகொண்டிருந்தது. மரியாதைக்காக ஆட்டுத்தலையைச் சம்பந்தி முன்னால் வைக்க வேண்டிய நீங்கள் கூரைமேல் இருந்தீர்கள். நான் சமையலறை ஜன்னலைத் திறந்து கத்தினேன். நீங்கள் எட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு துண்டுதான் இருக்கு, ராய்குல், முடிச்சிட்டு வந்துடறேன்" என்றீர்கள். நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கும் மறந்திருக்காது. "அந்தத் துண்டு எங்கயும் ஓடிப் போயிடாது. வந்தவங்க முன்னாடி என் மானத்தை வாங்காம இறங்கி வாங்க" என்றேன்.

இறங்கி வந்தீர்கள். கீழே ஆள் வராதபடி எச்சரிக்கை நாடாவைக் கட்டிவிட்டுத்தான் வந்தீர்கள். சாமான் இறக்க வந்த வண்டிக்காரர்கள் அதை அவிழ்த்துப் போட்டதும், அந்த நேரம் பார்த்து வெயில் வந்ததும், ஸினாயிதா ரொட்டிப்பையோடு வேலை முடிந்து வந்ததும் உங்கள் குற்றமா?

விசாரணைக்கு வந்த அதிகாரி, அந்தத் துண்டை மட்டும் ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். "தாங்கும்னு நெனச்சேன்" என்றீர்கள். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். நான் வாயைத் திறக்கவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் முற்றத்தில் யாரும் உங்களோடு நின்று பேசவில்லை. நீங்கள் சாவிக்கொத்தைக் கென்னாதியிடம் கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் ரயில் ஏறினீர்கள்.

வீட்டில் வந்தாவது என்னைத் திட்டியிருக்கலாம். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், ஒரு கோப்பை உடைந்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. எப்போதும் போல என் கோப்பையில் பாலை முதலில் ஊற்றி, தேநீரைப் பிறகு ஊற்றிக் கொடுத்தீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நேற்று பிற்பகல் மூன்றாம் வாசல் குழாயின் அடியில் மண்டியிட்டு, கேபிளின் முனையைக் கீழ்வாய் வழியாக இழுத்துக்கொண்டிருந்தேன். ஸினாயிதா வேலையிலிருந்து வந்தாள். என்னைப் பார்க்காமல் ஓட்டமாக வாசலுக்குள் நுழைந்தாள். எனக்கு என்ன வந்ததோ, அவள் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அன்று அவரைக் கீழே கூப்பிட்டது நான்தான், அவர் முடித்துவிட்டு வருகிறேன் என்றார், நான் கத்தி இறக்கினேன், அதிகாரி கேட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று, மூச்சு விடாமல்.

அவள் நின்றாள். திரும்பினாள். என்னைப் பார்த்தாள், மார்ச்சுக்குப் பிறகு முதல் முறையாக.

"அப்போ ஆறு மாசமா நான் தப்பான ஆளையா திட்டிக்கிட்டிருந்தேன்?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

அவள் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டாள். கதவு அறைந்து சாத்தும் சத்தம் இரண்டாம் மாடியிலிருந்து கேட்டது. நான் கேபிளை வெடுக்கென்று இழுத்து முடித்து முனையை மூடினேன்.

குற்றம் என்னுடையது என்று உங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அவளிடம் சொல்லாமல் உங்களிடம் மட்டும் சொன்னால் அது மறுபடியும் உங்களையே சுமக்க விடுவது என்று தோன்றியது. மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

இரவில் போர்வையை மிதித்துத் தள்ளாதீர்கள்.

ராய்குல்


ரித்தெர்
அக்டோபர் 14

அக்போத்தாவின் அப்பாவுக்கு,

உங்கள் சேதி வந்தது. எப்படி வந்தது, எப்போது வந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன், அவசரப்படுத்தாதீர்கள்.

தெமிர்கான் போன மாதம் முப்பதாம் தேதி வேலையை முடித்து ஊருக்குப் போனார். போகும் முன் எல்லா இணைப்பையும் மின்கசிவு அளக்கும் மெக்கரை வைத்துப் பார்த்தோம், எல்லாம் நன்றாகக் காட்டியது. சுவிட்சுப் பெட்டியைச் சாத்தி, கென்னாதியைக் கூப்பிட்டு முதல் சுவிட்சைப் போடச் சொன்னேன். புகைப்படம் எடுத்துக்கொண்டார். கேபிளைத் தொட்டுப் பார்த்தால் கைக்கு இதமாக இருந்தது, பிறந்த கன்றின் காது மாதிரி. எல்லோரும் கை தட்டினார்கள். நான் தலைநிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

ஆறாம் தேதி மழை பெய்தது. ஒரு மணி நேரத்தில் பெட்டியில் பிரேக்கர் விழுந்து மின்சாரம் நின்றுவிட்டது. தூக்கிவிட்டேன், மறுபடி விழுந்தது. எங்கோ தண்ணீர் உள்ளே போய் மின்சாரம் கசிகிறது. காய்ந்த நாளில் ஒன்றும் தெரியாமல், நனைந்தால் மட்டும் காட்டிக்கொடுக்கும் பழுது. நம் மின்நிலையத்தில் இப்படி ஒன்றைத் தேடி இரண்டு வாரம் அலைந்திருக்கிறேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

நான்காம் வாசல்காரர் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "அதான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். நான் மெக்கரை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

ஒவ்வொரு பகுதியாகக் கழற்றி அளந்தேன். முதல் வாசல் சரி, இரண்டாவது சரி, நான்காவது சரி. மூன்றாவது, நானே கேட்டு வாங்கிப் போட்டது, அதில்தான் கசிவு. விளிம்பில் ஒவ்வொரு கிளிப்பையும் பார்த்தேன். தூம்பைக் கையால் தடவிக்கொண்டே போனேன். கென்னாதிதான் பரண் ஜன்னலில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடவுளே கடவுளே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார், நான் விழப் போவது போல. மூன்று நாள் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. முனை மூடியை மாற்றிப் போட்டேன். மறுபடி தூறல், மறுபடி விழுந்தது. வானிலைக்காரர்கள் பதினைந்தாம் தேதிக்கு மேல் பனி என்கிறார்கள்.

பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, அக்போத்தா அழைத்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "அம்மா, அப்பா ஒண்ணு சொல்லச் சொன்னார். அப்படியே சொல்றேன். 'மூணாவது குழாயோட முழங்கை வளைவு இருக்கு இல்ல, அதுக்கு உள்ளே விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். ஒரு தடவை என் விரலைக் கிழிச்சிருக்கு. கேபிளை அங்க இழுக்கும்போது தோல் போயிருக்கும். அம்மாவைப் பார்க்கச் சொல்லு.' அவ்வளவுதாம்மா" என்றாள்.

நான் அவளை இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். மூன்றாம் முறை கேட்டபோது, "அம்மா, நீ பழுதைத் தேடறியா, அப்பா குரலைத் தேடறியா?" என்றாள். நம் பெண்ணுக்கு என் வாய்.

முழங்கையைக் கழற்றினேன். நீங்கள் சொன்ன இடத்தில், நகம் அகலத்துக்கு, மேல் தோல் உரிந்து உள்ளே வெள்ளிப் பின்னல் தெரிந்தது. ஸினாயிதாவிடம் சொல்லிவிட்டு வெடுக்கென்று இழுத்தேனே, அதே இடம்.

அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக இணைத்து மூடினேன். விளிம்பை அரத்தால் தேய்த்து, பழைய தோட்டத்து ரப்பர்க் குழாயைக் கீறி அதன்மேல் உறை போட்டேன். பிறகு ஒரு வாளித் தண்ணீரை மேலிருந்து ஊற்றச் சொன்னேன், அடுத்ததும் ஊற்றச் சொன்னேன். கென்னாதி ஒன்பது வாளி ஊற்றினார். பிரேக்கர் அசையவில்லை. கீழ்வாய் வரைக்கும் கேபிள் போகிறதா என்று நீங்கள் அடுத்ததாகக் கேட்பீர்கள் என்று தெரியும். போகிறது. வாய்க்கு வெளியே ஒரு சாண் தள்ளியே நிற்கிறது.

நீங்கள் கடிதங்களைப் படிக்கிறீர்கள் என்று இப்போது தெரிந்துவிட்டது. பழுது என்று அக்போத்தா சொன்னதும், அது எங்கே இருக்கும் என்று என் எழுத்தை வைத்தே அங்கிருந்து கண்டுபிடித்திருக்கிறீர்கள். இரண்டாம் கடிதத்தில் நான் எழுதிய மற்ற விஷயத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. பரவாயில்லை. விரல் கிழிந்ததை என்னிடம் எப்போதும் சொன்னதே இல்லையே நீங்கள். எந்த விரல்?

ஸினாயிதா இன்னும் பேசவில்லை. ஆனால் வாளி ஊற்றிய அன்று தன் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு முழு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது வாளிக்குப் பிறகு ஜன்னலைச் சாத்தினாள். இந்த முறை அறையவில்லை.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து தேதி கேட்கிறார்கள். அப்பா வந்து கை விரித்து ஆசி சொல்லாமல் அந்த வீட்டுக்குக் கிளம்ப மாட்டேன் என்று உங்கள் பெண் உட்கார்ந்திருக்கிறாள். நான் என்ன பதில் சொல்வது? பனி வரட்டும், கூரை எப்படி இருக்கிறது பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சம்பந்தியம்மா குழம்பிப் போய்விட்டார்.

ராய்குல்


ரித்தெர்
நவம்பர் 3

அக்போத்தாவின் அப்பாவுக்கு,

பனி வந்துவிட்டது. சொல்லிக்கொண்டிருந்ததற்கு இரண்டு வாரம் தள்ளி, ஆனால் வந்தபோது ஒரேயடியாக. புதன்கிழமை ஈரப்பனி, கனம் கனமாக, முழங்கால் உயரத்துக்கு. வியாழன் காலை வெயில். வெள்ளி விடியும்போது கழித்தல் பதினேழு டிகிரி. நீங்கள் எந்த மாதிரி வானிலைக்குப் பயப்படுவீர்களோ, வரிசை மாறாமல் அதே மாதிரி.

வியாழக்கிழமை பத்து மணி முதல் நான் முற்றத்தில் நின்றேன். பக்கத்துக் கட்டடத்தில் பனிக்கூர்கள் ஒரு முழ நீளத்துக்குத் தொங்க ஆரம்பித்திருந்தன. நம்முடையதில் விளிம்பு நெடுக ஒரு கறுப்புக் கோடு, தகரம் ஈரமாகத் தெரிந்தது. நான்கு குழாய்களிலும் தண்ணீர் ஓடுகிற சத்தம். மூன்றாம் குழாயின் வாயில் காதை வைத்துக் கேட்டேன். வயிற்றுப் பிள்ளையைக் கேட்கிற மாதிரி குந்தி உட்கார்ந்திருந்தேனாம், கென்னாதி எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை உறைபனியிலும் ஒரு கூர்கூட இல்லை. நான்காம் வாசல்காரர் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். அவரிடமிருந்து அதுவே பெரிது.

பிற்பகல் ஸினாயிதா வேலையிலிருந்து வந்தாள். மார்ச்சிலிருந்து அவள் மூன்றாம் வாசல் பக்கம் சுவரை ஒட்டி நடந்ததே இல்லை. முற்றத்தின் நடுவாக வந்து, கதவுக்கு நேரே நின்று, தலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஓடி நுழைவாள். கோடையிலும் அப்படித்தான். அதை நான் சமையலறை ஜன்னலிலிருந்து ஏழு மாதம் பார்த்திருக்கிறேன், உங்களுக்கு எழுதவில்லை. வெள்ளிக்கிழமையும் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். பிறகு மெதுவாக வந்தாள். சரியாக அந்த இடத்துக்குக் கீழே வந்து நின்றுவிட்டாள். நான் குழாய் பக்கத்தில் இருந்தேன். மேலிருந்து ஒரு சொட்டு அவள் சால்வைமேல் விழுந்தது. இன்னொரு சொட்டு. அவள் இடது கையால் துடைத்துக்கொண்டாள்.

"ராயா" என்றாள், முன்பெல்லாம் என்னைக் கூப்பிடுவது போல. "வெறும் தண்ணிதான்."

ஆமாம், தண்ணீர்தான் என்றேன்.

அங்கேயே நின்றுகொண்டு அழுதாள். நானும் போய் நின்றுகொண்டேன். இரண்டு பேர் தலையும் நனைந்தது. பிறகு அவள் மூக்கைச் சிந்திவிட்டு, தன் பழைய குரலில் ஆரம்பித்தாள். இதை அப்படியே எழுதச் சொன்னாள், ஒரு சொல்லும் விடக் கூடாது என்றாள், அதனால் எழுதுகிறேன்:

"உன் புருஷனுக்கு எழுது. நான் ஒண்ணும் செத்துப் போகல. மாவுதான் பிசைய முடியல, வாய் நல்லாத்தான் இருக்கு. அந்த மனுஷன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம ரயில் ஏறிட்டாரே, அதுக்குத்தான் எனக்குக் கோவம். கையை விட அதுதான் வலிச்சுது. ஆஸ்பத்திரியில ஒவ்வொரு நாளும் கதவைப் பார்த்துக்கிட்டிருந்தேன், வருவார், நல்லா நாலு கேள்வி கேக்கலாம்னு. வந்து திட்டு வாங்கிட்டுப் போகச் சொல்லு. உன்னையும் திட்டணும், உன்னை நாளைக்கு வெச்சுக்கறேன்."

சொன்னபடி மறுநாள் வந்தாள். தேநீரும் தயிர்க்கட்டியும் வைத்தேன். இரண்டு மணி நேரம் திட்டினாள். எனக்கு அவ்வளவு ஆறுதலாக வேறு எதுவும் இருந்ததில்லை. போகும்போது, வீட்டிலேயே சின்னதாக மாவு பிசைய வேண்டும், இடது கையால் பழகப் போகிறேன், நீ பாத்திரத்தைப் பிடித்துக்கொள் என்றாள். நேற்றுப் பிடித்துக்கொண்டேன். ரொட்டி ஒரு பக்கம் சாய்ந்து வந்தது. தின்றோம்.

கூரைத் தண்ணீரில் நாங்கள் நனைந்த அன்று மாலையே அக்போத்தா அழைத்தாள். வெள்ளிக்கிழமை அல்லவா. நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னாள். "அன்னிக்கு நான் இறங்கி வந்தது அவ கூப்பிட்டதால இல்ல. எனக்குப் பசிச்சுது. அம்மாகிட்ட சொல்லிடு."

பொய். முப்பது வருடத்தில் கையில் வேலை இருக்கும்போது உங்களுக்குப் பசித்து நான் பார்த்ததில்லை. தட்டை வைத்து மூன்று முறை கூப்பிட்டால்தான் வருவீர்கள். இந்தப் பொய்யை யோசித்துக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஐந்து வாரம் ஆகியிருக்கிறது. நான் சமையலறையில் உட்கார்ந்து சிரித்தேன். அக்போத்தா அந்தப் பக்கம் "அம்மா, அழறியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சிரிக்கிறேன் என்றால் நம்பவில்லை. பாதி அவள் சொன்னதும் சரிதான்.

நானும் ஒன்று சொல்கிறேன். அதிகாரியிடம் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன், நடந்தது நடந்தபடி. அவர் வழக்கு முடிந்து போயிற்றே அம்மா, இப்போது எதற்கு என்றார். தாள்களோடு இதுவும் இருக்கட்டும் என்றேன். வைத்துக்கொண்டார்.

சம்பந்தி வீட்டாருக்கு டிசம்பர் இருபது என்று சொல்லியிருக்கிறேன். உங்களைக் கேட்காமல் சொன்னது தப்புதான். ஆசிக்கு நீங்கள் வருவீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, உங்கள் பெண்ணுக்காக நெருப்பில் நடந்துகூட வருவீர்கள். குளிர்காலத்துக்கு இறைச்சிக்குக் குதிரை சொல்லியாகிவிட்டது, கென்னாதியும் நாமும் பாதிப் பாதி.

ஆனால் நான் இப்போது கேட்பது அது இல்லை. மங்கிஸ்தாவிலிருந்து ஐந்து நாள் ரயில், எனக்குத் தெரியும். உங்கள் முறை வேலை இந்த மாதம் பதினைந்தாம் தேதியோடு முடிகிறது, அடுத்த பதினைந்து நாள் ஓய்வு, அதையும் வேறு ஆளுக்குப் பதிலாக வேலை செய்து கழிக்கிறீர்கள் என்று அக்போத்தா சொன்னாள். இந்த முறை அப்படிச் செய்யாதீர்கள்.

கூரையைச் சரி பார்க்க வர வேண்டாம். தூம்பு சுத்தமாக இருக்கிறது, நான்கு குழாயும் ஓடுகிறது, பெட்டியின் சாவி என் இடுப்பில் இருக்கிறது. பனி தள்ள வேண்டியதில்லை. உருளைக்கிழங்கு எல்லாம் உள்ளே வந்தாகிவிட்டது. விசாரணை இல்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, ஸினாயிதாவைத் தவிர. கல்யாண வேலைக்கு இன்னும் நாள் இருக்கிறது. தேடித் தேடிப் பார்த்தேன், இந்த வீட்டில் உங்களுக்கென்று ஒரு வேலையும் மிச்சமில்லை.

அதனால் சும்மா வாருங்கள்.

அல்லா உங்கள் வழியைத் திறந்து வைக்கட்டும்.

உங்கள்
ராய்குல்